பள்ளம் தோண்டியவர்கள்

முடிவெட்டும் நாற்காலியைத் தரையோடு பிடித்திருந்த கடைசி போல்ட் துருப்பிடித்து அடம்பிடித்தது. அவள் ஸ்பேனரின் மேல் ஏறி மிதித்தாள். கழன்றது.

கடை வாசலில் நின்ற கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “வேணாம். ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். வீடு ஏலத்துக்குப் போனா அழவா போறாங்க? ஒரு பக்கம் பிடிங்க.”

மேம்பாலம் கட்டுகிறோம் என்று அரசாங்கம் அவளுடைய முடிதிருத்தும் கடைக்கு முன்னால் பள்ளம் தோண்டி இரண்டு வருஷம் ஆகிறது. பாலமும் வரவில்லை, பள்ளமும் மூடவில்லை. ஆடுகிற பலகையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து முடி வெட்டிக்கொள்ள யாருக்கு என்ன தலையெழுத்து? கடை ஈயடித்தது, வீட்டுக் கடன் தவணை நின்றது. தவணை தவறியவர்களுக்கு உதவ ஏதோ திட்டம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு வீட்டுவசதி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். நேற்றுதான் அதிகாரி ஒரேயடியாகக் கைவிரித்தார். “வெள்ளம், தீ விபத்துன்னா பார்க்கலாம். மத்தபடி கடன் உங்களுக்கும் பேங்குக்கும் நடுவுல. இதுல அரசாங்கம் எங்கம்மா வந்துச்சு?”

அவள் மனுவை மடித்துக்கொண்டு கிளம்பினாள். கடைக்குத் திரும்பும்போது, பலகையில் கால் வைத்த நொடியில்தான் பதில் வந்தது.

அலுவலகப் படிக்கட்டின் கீழே, வாடகை வேனிலிருந்து நாற்காலியை இறக்கினாள். அவமானத்தில் கணவன் வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். காவலாளி விரட்டினார்; அவள் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து முகம் தொங்கிப்போய் வந்த ஒரு கொத்தனார் அவளையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்களுக்கும் இல்லைன்னுட்டாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.” அவர் சட்டைக் காலரை மடித்துவிட்டு உட்கார்ந்தார். “வெட்டு. வேற வேலையும் இல்ல.”

ஒரு பக்கம் முடிந்திருக்கும், அதிகாரி மூச்சிரைக்க இறங்கி வந்தார். “என்னம்மா இது? கவர்மென்ட் ஆபீஸ் வாசல்ல கடையா?”

“நீங்க என் கடை வாசல்ல பள்ளம் தோண்டலையா சார்? அரசாங்கம் எங்க வந்துச்சுன்னு கேட்டீங்களே. அங்கதான் வந்துச்சு. வந்தது போகவே இல்ல. பிச்சை கேக்கல சார், என் வாசலை அடைச்சதுக்குப் பதில் கேக்கறேன். அது வர்ற வரைக்கும் கடை இங்கதான்.”

“போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. அவங்களுக்கும் முடி வளருது.”

படிக்கட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி கொத்தனார் பக்கம் திரும்பினார். “நீங்களாவது எழுந்திருங்க.”

“பாதித் தலையோட எங்க சார் போறது?”

வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவன் வந்தான். யாரையும் பார்க்காமல், கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியைக் கொத்தனாரின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். அதிகாரி முறைத்தபோதும் இறக்கவில்லை.

அதிகாரி போனைக் காதில் வைத்தபடி படியேறினார். கொத்தனாருக்குப் பின்னால் ஒரு அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். காற்று கிளம்பியது. வெட்டி விழுந்த நரைமுடி படிப்படியாக உருண்டு ஏறி, அதிகாரிக்காகத் திறந்த கதவு வழியே உள்ளே போனது.