ரெண்டு போடுங்க சிஸ்டர்

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அவளுக்கு முதலில் அருவருத்துப்போனது கணவர் கொண்டுவரும் பச்சைச் சாறு. பிறகு, அந்த டம்ளரைப் பிடித்திருக்கும் கை.

காலை ஆறரைக்கெல்லாம் அவர் கட்டிலருகே வந்து நின்றுவிடுவார். ஏதேதோ இலைகளை மிக்சியில் அடித்துப் பிழிந்தது. தேங்கிய குட்டையின் வாடை. டம்ளரின் ஓரத்தில் நுரை ஒட்டியிருக்கும்.

"ஒரே மூச்சு. யோசிக்காம குடி."

குடிப்பாள். வாயில் எப்போதும் இருக்கும் துருப்பிடித்த ஆணியின் ருசியோடு அந்தச் சாறும் சேரும். அவர் வெற்று டம்ளரை வாங்கிக்கொண்டு, "வெரி குட்!" என்பார், வகுப்புப் பிள்ளையிடம் சொல்வதுபோல.

அவர் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். இருபத்தாறு வருடம் மைதானத்தில் நின்றவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே ஜாதி: ஓடுகிறவர்கள், வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்துகொள்கிறவர்கள்.

அவள் ஜெராக்ஸ் மிஷின் மெக்கானிக். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் நான்கு மாடி ஏறுவாள். விரல் நகங்களில் எப்போதும் மிஷினின் டோனர் மைப்பொடி கறுப்பாக ஒட்டியிருந்ததால் அலுவலகங்களில் அவளுக்கு டோனரக்கா என்று பெயர். "டோனரக்கா வாசல்ல செருப்பைக் கழட்டினாலே மிஷின் பயந்து ஓட ஆரம்பிச்சிடும்" என்று சிரிப்பார்கள். இடது மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, மருந்து ஏற ஆரம்பித்தபின் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு அடி. நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகவேண்டியிருந்தது.

அது சாதாரணக் களைப்பு இல்லை. நாலு மாடி ஏறிய களைப்பு அவளுக்குத் தெரியும். தண்ணீர் குடித்தால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருந்தது. ஈரச் சாக்கை மேலே போர்த்திவிட்டதுபோல. கைப்பேசியைத் தூக்கிக் காதில் வைப்பதற்குக்கூட மனதைத் தயார்செய்ய வேண்டியிருந்தது.

"படுத்தா படுத்ததுதான். எழுந்திரு, ஹால்ல இருபது சுத்து" என்பார் மாஸ்டர். குளிர்பெட்டிக் கதவில் கட்டம் போட்ட தாள் ஒட்டி, சுற்றுகளைச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். பதினொன்றோ பன்னிரண்டோ சுற்றியபின் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், "இப்பதான் உண்மையான பயிற்சியே ஆரம்பம்" என்பார். அவர் வாயிலிருந்து வந்த காபி வாசம் அவள் வயிற்றைப் பிசையும். கல்யாணமாகி இருபது வருடத்தில் இந்த மனிதனின் வாசம் தனக்கு இப்படிக் குமட்டும் என்று அவள் நினைத்ததில்லை.

மருத்துவமனையில் ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ஒரு நர்ஸ் காகித அட்டையோடு வருவாள். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் கேள்விகள். தூக்கம், பசி, வலி, மனசு, வீட்டு வேலை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லவேண்டும்.

"போன வாரம் களைப்பு எப்படிம்மா இருந்துச்சு? பத்துன்னா ரொம்ப மோசம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்துவிடும்.

"ரெண்டு போடுங்க சிஸ்டர்."

"வீட்டு வேலை செய்ய முடியுதா?"

"எல்லாம் நாங்க செய்றோம். தினமும் இருபது சுத்து நடக்கிறோம். மூணு கீமோ முடிச்சிட்டோம், இன்னும் மூணுதான்!"

நாங்க. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பல் கூசியது. ஊசி ஏறுவது ஒரு கையில், முடி கொட்டியது ஒரு தலையில். முடித்தது மட்டும் இரண்டு பேர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கும் தெம்பு வேண்டும். ரெண்டு என்று நர்ஸ் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு, முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு, சும்மா இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அவரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

நான்காவது கீமோ முடிந்த பத்தாம் நாள் அவள் வேலைசெய்யும் கடையிலிருந்து முதலாளியும் மூன்று பேரும் பார்க்க வந்தார்கள். மாஸ்டர் அவளை எழுப்பித் தலைக்குத் துணி கட்டி ஹாலுக்கு அழைத்து வந்தார்.

"சும்மா உட்கார வச்சிருக்கேன்னு நினைக்காதீங்க. நடந்து காட்டும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை. நான்கு பேரும் சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். முதலாளி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"எங்க டோனரக்கா இரும்பாச்சே! நம்ம ஆளு போராளி சார்."

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் அவள் சோபாவின் கைப்பிடிமேல் வாந்தியெடுத்தாள். மாஸ்டர் வாளியும் துணியும் கொண்டுவந்து முகம் சுளிக்காமல் துடைத்தார். அதை அவள் மறுக்கமாட்டாள். ஆனால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவங்க முன்னால எவ்வளவு அழகா நடந்த! அப்ப முடியும்னுதானே அர்த்தம்? எல்லாம் மனசுதான்."

அவளுக்கு மறுபடியும் குமட்டியது. இந்தமுறை வெளியே வர ஒன்றும் இல்லை.

ஐந்தாவது கீமோவுக்கு மூன்று நாள் முன்பு குளித்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் சோப்பு போட்டாயிற்று. குவளையில் தண்ணீர் மொண்டாள், தூக்க முடியவில்லை. பாதிக் குவளை மொண்டாள், அதுவும் முடியவில்லை. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். வடிகாலில் தன் கண்ணிமை முடிகள் இரண்டு ஒட்டிக்கிடந்தன. சோப்பு தோலில் காய்ந்து இழுத்தது. தழும்பு அரித்தது, சொறியக் கை எழவில்லை. எவ்வளவு நேரம் போனதோ.

கதவுக்கு வெளியே மாஸ்டர் கைதட்டினார். "என்ன, கச்சேரியா? கமான், கமான்! ஒன், டூ..."

அவள் தன் வழவழப்பான தொடையையும், தொங்கும் ஒற்றை மார்பையும், தரையின் அழுக்கையும், கதவுக்கு அந்தப்பக்கம் எண்ணிக்கொண்டிருந்த குரலையும் ஒரே மாதிரி வெறுத்தாள். அந்த வெறுப்பில் எங்கிருந்தோ கொஞ்சம் பலம் வந்தது. கால்குவளை கால்குவளையாக மொண்டு ஊற்றிக்கொண்டாள்.

மருத்துவமனையில் நர்ஸ் அட்டையோடு வந்ததும் அவள் முந்திக்கொண்டாள்.

"சிஸ்டர், இவரைக் கொஞ்சம் வெளியில உட்காரச் சொல்லுங்க."

மாஸ்டர் சிரித்தார். "என்ன விளையாட்டு இது?"

"வெளியில உட்காருங்க."

அவர் போனார். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

"களைப்பு?"

"ஒன்பது. பத்துன்னு சொல்லலாம், ஆனா பேசிட்டுத்தானே இருக்கேன்."

"வீட்டு வேலை?"

"குவளையைத் தூக்க முடியல."

நர்ஸ் பழைய தாள்களைப் புரட்டினாள். "இதுவரைக்கும் ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு இருக்கே?"

"அது அவரோட களைப்பும்மா. என்னோடது இல்ல."

நர்ஸ் சிரிக்கவில்லை. எழுந்துபோய் டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் அம்மாள் குள்ளமானவர், வேகமாகப் பேசுகிறவர். ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக் காட்டினார். போன தடவையே ரத்தம் குறைந்திருந்தது. களைப்பு குறைவு என்று எழுதியிருந்ததால் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார். இப்போது இன்னும் இறங்கியிருந்தது. தைராய்டையும் பார்க்கச் சொன்னார், அதுவும் சோம்பிக்கிடந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். நானும் தாளை நம்பாம உங்க முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அன்றே ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தார்.

பிறகு மாஸ்டரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "நடக்கிறது நல்லதுதான் சார். தப்பு சொல்லல. ஆனா எவ்வளவு, எப்போன்னு அவங்கதான் சொல்லணும். இது ஸ்கூல் கிரவுண்டு இல்ல."

நடப்பது நல்லதுதானாம். அவர் சொன்னதில் பாதி சரியாக இருந்தது அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். காது சிவந்திருந்தது.

"என்னை வெளியில போகச் சொல்லிக் கேவலப்படுத்திட்ட."

"ஆமா."

"உனக்காக நான் லீவு போட்டு, சாறு அடிச்சு, துணி துவைச்சு..."

"எல்லாம் செஞ்சீங்க. என்னை ஒரு வார்த்தை பேச மட்டும் விடல. அந்தச் சாறு வாயில வைக்கிற மாதிரியா இருக்கு? உங்க கைதட்டலைக் கேட்டாலே எனக்கு வாந்தி வருது. நாலு பேர் முன்னால என்னைக் குரங்கு மாதிரி நடக்க வச்சீங்க."

பக்கத்துக் கட்டில்காரர் வராத தூக்கத்தைக் கண்ணைமூடி வரவழைத்துக்கொண்டார். மாஸ்டர் சொட்டும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, மைதானத்துக் குரல் இல்லாமல் சொன்னார்:

"ஒன்பது, பத்துன்னு போட்டா... உடம்பு தாங்காதுன்னு மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு நினைச்சேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மூக்கு நுனியில் வேர்த்திருந்தது. பயந்துகிடந்த மனிதன். ஐயோ பாவம் என்று தோன்றியது. கூடவே, இந்தப் பயத்துக்காகவா நான் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்றும் தோன்றியது. இரண்டில் எது பெரிது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும். என் களைப்பைத் திருடி எழுதக்கூடாது" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

மீதி இரண்டு கீமோவும் முடிந்தன. தைராய்டு மாத்திரையும் ரத்தமும் சேர்ந்து களைப்பை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தின. அதற்குக் கீழே இறங்க அது மறுத்தது. சாறு நின்றுபோனது. கட்டம் போட்ட தாளை அவளே கிழித்துப் போட்டாள். மாலையில் முடிந்த அன்று தெருமுனைவரை நடந்தாள். அவர் இரண்டடி பின்னால் வாயை மூடிக்கொண்டு வந்தார். வாயை மூடுவது அவருக்கு எவ்வளவு பெரிய உடற்பயிற்சி என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பாராட்டவில்லை.

ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். படியேறும் வேலை இல்லை. கடையிலேயே மேசைமேல் வைத்துத் தரும் பாகங்களைச் சரிசெய்யும் வேலை, அதுவும் மதியம்வரை. முதல் வாரத்திலேயே முதலாளி ஒரு நாள் ஒரு மணிக்கு ஜெராக்ஸ் மிஷினின் உருளைகள், மூன்று டிரம்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"இரும்பாச்சே நீங்க. இதையும் பார்த்திட்டுப் போயிடுங்களேன்."

அவள் விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"இரும்பு இல்ல சார். எனக்கு இன்னிக்கு இவ்வளவுதான்."

டிரம்களைத் தொடாமல், பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணிடம் நேராகப் போய், "எனக்கு முடியல, கொஞ்சம் எழுந்திரும்மா" என்று கேட்டு உட்கார்ந்தாள்.