ஆணிக்குக் கீழே எட்டுக் கோடுகள்

"சட்டையக் கழட்டு தம்பி" என்று நாவிதர் சொல்லி வாய் மூடவில்லை, நாலு பேர் சரணைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் போட்டிருந்தது டீ-சர்ட். எட்டு மாதமாக முன்னால் பொத்தான் வைத்த சட்டை தவிர வேறெதையும் மாட்ட முடியாதவன் இன்றைக்குப் பார்த்து எதற்கு இதைப் போட்டான் என்று யாருக்கும் விளங்கவில்லை.

"இரு இரு, நா புடிக்கிறேன். இடது கைய ஆட்டாத."

"கத்திரி எங்க கீது? கிழிச்சுடலாம்பா."

கத்திரி தேட ஆள் போவதற்குள் சரண் குனிந்து, விளிம்பைப் பிடித்து, ஒரே இழுப்பில் தலைக்கு மேலே கழற்றிவிட்டான். இரண்டு கையும் ஆகாயத்தில் நின்றன. மேளக்காரர்கூட ஓர் அடி தப்பவிட்டார்.

"டேய்! கைய தூக்கிட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். சாவு வீடு என்பதை மறந்து ரெண்டு பேர் விசில் அடித்தார்கள். செத்துக் கிடந்த அப்பா துலுக்கானத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த முனியம்மா மகனை ஒரு கணம் வாய் பிளந்து பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் அறைந்துகொண்டு அலறினாள். "அய்யோ, இத பாக்காம பூட்டியேய்யா! உம்புள்ள கைய தூக்கிட்டான், எழுந்து பாருய்யா!"

சரணுக்கு அழுகையும் வந்தது, உடம்பெல்லாம் ஒரு துள்ளலும் ஓடியது. அப்பா செத்த அன்றைக்கு இப்படித் துள்ளுகிறதே என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. ஆனால் துள்ளல் நிற்கவில்லை.

அந்தக் கை அவ்வளவு படுத்தியிருந்தது. மழைநாளில் பூந்தமல்லி ரோட்டில் மணல் வழுக்கி, பைக்கோடு விழுந்து இடது காறை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். எலும்பு கூடியது சரி, கைதான் மாருக்கு மேலே ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஏசி மாட்டுகிற வேலை அவனுக்கு. கை ஏறாத ஏசி மெக்கானிக்கை எவன் கூப்பிடுவான்?

உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், கொஞ்சம் ஏறி அப்படியே நின்றது. அப்புறம்தான், டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பூந்தமல்லியில் இரண்டாவது மாடியில் கையாலேயே உடம்பின் இறுக்கத்தை இளக்கும் ஆஸ்டியோபதி வைத்தியம் பார்க்கிற ராஜகுமாரியிடம் போனான். கூடவே துலுக்கானமும் போனார். மகன் படுத்திருக்க, அந்த அம்மா விலாவுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மூச்சைக் கவனிப்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எலும்புதான் ஒட்டிக்கிச்சே, இன்னாத்துக்கும்மா தடவினுகீற?"

ராஜகுமாரி கோபித்துக்கொள்ளவில்லை. "அடிபட்ட பயத்துல கழுத்து, விலா, முதுகு எல்லாம் தோளோட சேர்ந்து இறுகிப் போச்சுங்க. தோளை மட்டும் இழுத்தா எப்படி வரும்? நான் சுத்தி இருக்கறதை இளக்கி விடுறேன். தூக்கறது உங்க பையன் வேலை. வீட்டுல தினமும் பயிற்சி செய்யலேன்னா என் கையில மந்திரம் ஒண்ணும் இல்ல."

துலுக்கானம் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ஆனால் அன்று சாயங்காலம் மேனாம்பேடு வீட்டுக்கு வந்ததும் சுவரில், கையை முழுசாகத் தூக்கினால்தான் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்தார். தன்னுடைய பழைய காக்கிச் சட்டையை அதில் மாட்டி, தினமும் ராத்திரி ஷேர் ஆட்டோ சாவியை அதன் பையில் போட ஆரம்பித்தார்.

"இடது கையால இத எட்டி எடு. அன்னிக்கு ஆட்டோ ஓட்டு. அதுவரிக்கும் தொடக்கூடாது, சொல்ட்டேன்."

ஒவ்வொரு புதன்கிழமையும் ராஜகுமாரியிடம் போய் வந்ததும் சரண் சுவரோரம் நின்று விரலால் ஏறுவான். விரல் நின்ற இடத்தில் அப்பா பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, பென்சிலையும் அந்தப் பையிலேயே செருகிவிடுவார். எட்டு வாரம், எட்டுக் கோடு.

எட்டாவது கோடு பொய்க்கோடு.

போன புதன்கிழமை அப்பாவுக்குச் சவாரி இருந்ததால் அவன் தனியாகப் போயிருந்தான். அன்றைக்குத்தான் கை முழுசாக மேலே போனது. ராஜகுமாரியே கை தட்டினாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தின்றுவிட்டு, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே காக்கிச் சட்டையை எடுத்துத் தலைவழியே மாட்டி அசத்திவிடணும் என்று திட்டம் போட்டான். அதனால் அன்று சாயங்காலம் வேண்டுமென்றே கையைப் பாதியில் நிறுத்தினான்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோடு போட்டார். "அர இஞ்சுதான் ஏறிக்கீது" என்றார். அப்புறம், மகன் மனசு உடைந்துவிடப் போகிறதே என்று, "பரவால்ல நைனா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று முதுகைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை டீ டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டார்.

"அதெல்லாம் சரிடா, சுடுகாட்டுல கொடம் விஷ்ணு தூக்கட்டும்" என்றார் சித்தப்பா லோகநாதன், கழற்றிய டீ-சர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு. விஷ்ணு அவருடைய மகன். "இடது தோள்லதான் வெக்கணும். மூணு சுத்து வரணும். நடுவுல வுட்டுட்டா இன்னா ஆவறது? ஊரே பேசும்."

"நாந்தான் தூக்குவேன் சித்தப்பா."

"சொல்றத கேளுடா."

சரண் வீட்டுக்குப் பின்னால் போய் ராஜகுமாரிக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். "குடம் எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள் அவள்.

"அஞ்சு லிட்டரு புடிக்கும் மேடம்."

"பயிற்சியில தண்ணிக் கேன்ல அவ்வளவு தூக்கிப் பழகியிருக்கீங்க. தரையிலேர்ந்து நீங்க எடுக்காதீங்க, ஒருத்தர் தோள்ல ஏத்தி வைக்கட்டும். மூச்சைப் பிடிக்காதீங்க, விட்டுக்கிட்டே நடங்க. சுரீர்னு வலிச்சா அந்த நிமிஷமே இறக்கிடணும். சத்தியம்?"

"சத்தியம் மேடம்."

"போய்ட்டு வாங்க சரண்" என்றாள் அவள்.

ஊர்வலம் கிளம்பியது. மேளம் தெருவைத் தூக்கியது. பட்டாசு, பூ, ஆட்டம். ஷேர் ஆட்டோ சிநேகிதர்கள் பதினாலு வண்டியை வரிசையாக விட்டு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். சரண் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். பாரு நைனா, இன்னும் கொஞ்ச நேரம்தான், பாரு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

சரண் விட்டுக்கொடுக்காததால், சுடுகாட்டில் சித்தப்பாவே குடத்தை ஏற்றி வைத்தார். சரணின் இடது கை தானாக உயர்ந்து குடத்தின் வாயைப் பிடித்தது. முதல் சுற்று வந்தான். வெட்டியான் அரிவாள் நுனியால் குடத்தில் ஒரு கொத்துக் கொத்தினார். சில்லு தெறித்தது. தண்ணீர் வரவில்லை.

கூட்டம் முணுமுணுத்தது. "இன்னாடா இது, தண்ணி வர்ல?" "மனசு ஆறாம போறாருபா."

சரண் குடத்தை லேசாக ஆட்டிப் பார்த்தான். அடியில் ஒரு செம்புத் தண்ணீர் சலசலத்தது. சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"பாரம் தாங்கமாட்டியேன்னுதான்டா..." என்றார்.

அவர்மேல் கோபம் வரவில்லை. அன்பால் பொய்க்கணக்குக் காட்டுவது இந்தக் குடும்பத்துக்கே வழக்கம்தானே என்று தோன்றியது. "ரொப்பு சித்தப்பா" என்றான். "முட்ட ரொப்பு."

நிரப்பி, மறுபடி ஏற்றினார்கள். பாரம் தோளில் இறங்கியது. முதல் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சி முதுகெல்லாம் நனைத்தது. மூச்சை விட்டான், நடந்தான். முதல் சுற்றை மறுபடியும் சுற்றினான். இரண்டாவது கொத்து. தோளுக்குள் எங்கோ ஒரு நரம்பு முனகியது, வலிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அவன் அழுதுகொண்டே கிட்டத்தட்ட ஓடினான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை, பிடிக்கத் தேவையும் இருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் விட்டான். அது சுக்குநூறாக உடைந்த சத்தத்தில் விஷ்ணு தன்னை மறந்து, "சரணு, சூப்பர்டா!" என்று கத்திவிட்டான். லோகநாதன் அவனை முறைத்தார். ஆனால் அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

குளித்துவிட்டு வீடு திரும்பியபோது சந்து முழுக்க நாற்காலி. பந்தல்காரர் வண்டி உள்ளே வர முடியாமல் துலுக்கானத்தின் ஆட்டோ மறித்துக்கொண்டு நின்றது.

"சாவி எங்கப்பா?" என்று வாசலில் குரல் கேட்டது.

தங்கை சிம்ரன் ஆணியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்தாள்.

"வேணாம் சிம்ரன்" என்றான் சரண்.

சுவரோரம் போய் நின்று இடது கையை உயர்த்தினான். விரல்கள் எட்டுக் கோடுகளையும் தாண்டிப் போய் ஆணியைத் தொட்டன. சட்டையை எடுத்தான். பையில் சாவி இருந்தது, பென்சிலும் இருந்தது.

சிம்ரன் பென்சிலை உருவிக்கொண்டு ஸ்டூலின்மேல் ஏறினாள்.

"கைய மறுக்கா தூக்கு. எறக்காத, அப்டியே நில்லுண்ணா."

அவன் விரல் நுனியில் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள். எட்டாவது கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் சுவர் வெறுமையாக இருந்தது.