புகார் வராத வாடிக்கையாளர்

ரேடியோ சொன்ன ஜோக்குக்கு அலுவலகமே சிரித்தது. அவள் மட்டும் பாதிச் சிரிப்பிலேயே நிறுத்திவிட்டாள்.

ரேடியோ என்றால் சர்வீஸ் பிரிவுக்காரர். அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கருகிப்போன மோட்டார்களை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு வந்து, வழக்கம்போல் ஊர் உலகத்தையெல்லாம் வைதுகொண்டிருந்தார். கம்பெனி விற்கிற, வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களின் மோட்டார்கள் அவை. மருந்து உள்ளே இறங்கும், புழுதி ஏறும், ஒரு பருவம் முடிவதற்குள் பாதி திரும்பி வந்துவிடும்.

"எல்லாப் பயலும் மாமியார் மாதிரி குத்தம் சொல்றான் மேடம். உங்க தம்பி சார் புடிச்சுட்டு வந்த கஸ்டமர் ஒருத்தன்தான் தங்கம். இத்தனை மாசத்துல மூச்சு விட்டானா? வாரண்டியே வேணாம்னு சொன்ன மகராசன். அவனுக்கு ஒரு பொண்ணு இருந்தா சொல்லுங்க, சம்பந்தம் பண்ணிக்கிறேன்."

விற்கிற சரக்கு யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. வாங்குகிறவன் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறானா, சொன்ன இடத்தில்தான் இறக்குகிறானா, சொன்ன காரியத்துக்குத்தான் பயன்படுத்துகிறானா என்று துருவித் துருவிப் பார்த்து அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி கேட்டைத் தாண்டும். முதுகுக்குப் பின்னால் அவளைச் சந்தேகப் பிராணி என்று சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மருந்து தெளித்தால் மோட்டார் கருகும். கருகினால் வாங்கினவன் திட்டுவான். திட்டாதவன் கையில் மட்டும் எப்படிக் கருகாமல் இருக்கிறது? ஒரு வழிதான் உண்டு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை பறக்கிறது. திரும்பி வருவதில்லை.

அந்த வாடிக்கையாளர் இருக்கிற நாட்டின் எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கிறது. மருந்துக்குப் பதில் குண்டைக் கட்டி அனுப்பினால் எந்த ட்ரோனும் திரும்பாது. சண்டை போடுகிறவர்களுக்கு ஆணி விற்பதுகூடக் குற்றம் என்று தடை.

தம்பியைக் கூப்பிட்டாள். எந்த வேலையிலும் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். இந்த ஒரு வாடிக்கையாளரால்தான் அவனுக்குத் தனி அறை வந்தது, நடையில் ஒரு நிமிர்வு வந்தது. அடுத்த லோடு வெளியே லாரியில் ஏறிக்கொண்டிருந்த சந்தோஷத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"வயலைப் பாத்தியாடா?"

"எந்த வயல்?"

"நேர்ல போய்ப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டியே, அந்த வயல்."

தம்பி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "ரொம்ப தூரம்னாங்கக்கா. ஹோட்டல்லயே வீடியோ போட்டுக் காட்டினாங்க. பச்சைப் பசேல்னு இருந்துச்சு."

"ஏண்டா எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையேக்கா."

கேட்கவில்லைதான். வேறு எந்த விற்பனைக்காரன் வந்திருந்தாலும் போன பாதை, பார்த்த ஆள், எடுத்த போட்டோ என்று கேள்வி கேட்டே கொன்றிருப்பாள். இவன் வந்து நின்றபோது, முதல் தடவையாக ஜெயித்துவிட்டு வந்திருக்கிற அந்த முகத்தைத்தான் பார்த்தாள். ஊரையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவள், சொந்த ரத்தம் என்றதும் சல்லடையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

முதலில் கேட்டுக்குப் போன் செய்து லாரியை நிறுத்தச் சொன்னாள். அடுத்து ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, இந்த லோடை மட்டும் நிறுத்தேன். போனது போகட்டும். அதையெல்லாம் கிளறினா என்னைத்தான் முதல்ல இழுப்பாங்க. என் கையெழுத்து இருக்கு."

"என்னோடதும் இருக்குடா."

எதிர்முனையில் அதிகாரி அவசரமே இல்லாமல் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இதுக்கு முன்னாடி போயிருக்கா?" என்றார்.

"மூணு தடவை போயிருக்கு சார்."

"வயலை நேர்ல பாத்தது யாரு?"

தம்பி எழுந்துவிட்டான். வேண்டாம் என்று தலையாட்டக்கூட இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வைக்கு அவள் பயந்தாள். ஆனாலும் குரல் வந்தது.

"கையெழுத்துப் போட்டது என் தம்பி சார். பாத்தது யாருமில்லை. அவனைக் கேக்காம விட்டது நான்."

"லைன்லயே இருங்கம்மா."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தம்பி போய்விட்டான். ரிசீவரைக் காதில் வைத்தபடி அவள் அந்தப் பச்சை வயலை நினைத்துப் பார்க்க முயன்றாள். வயல் வரவில்லை. ஏதோ ஒரு வீட்டின் மொட்டைமாடிதான் வந்தது. முகம் தெரியாத ஒருத்தி ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம். துணியைப் பிடித்த கையை நெற்றிக்குக் கொடுத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள்.