ரஃபத் ஜஹான் சொல்லாதது

இஷ்தியாக் அகமதுவும் நானும் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தாக்களாக இருந்தோம். 1927ல், ரம்ஜானுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, தன் ரகசியத்தை யார் காப்பாற்றுவார்கள் என்று பார்க்க அவனுக்கு ஆசை வந்தது. பெருநாள் முடிந்ததும் அம்மாவுக்குத் தெரியாமல் ரங்கூனுக்குக் கப்பல் ஏறப்போவதாக என்னிடம் ஒரு பொய் சொன்னான். தங்கை ரஃபத் ஜஹானிடமும் அதையே சொன்னான்.

நான் அன்று சாயங்காலமே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் மண்டியில் ஒருவர் அவனிடமே ரங்கூனைப் பற்றி விசாரித்தார். அது வெறும் சோதனை என்று அப்போதுதான் எனக்குச் சொன்னான். வெட்கமாகப் போய்விட்டது. தங்கையிடமிருந்து மட்டும் ஒரு பேச்சும் கசியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமென்று அவளிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டான்.

அந்தச் சமயத்தில் பேரணாம்பட்டு ஹயாத் பாஷா தன் மகனுக்கு ரஃபத்தைப் பெண் கேட்டார். பையன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த இடம். ரஃபத் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா இல்லாத வீடு. அம்மா முனவ்வர் பேகம் கெஞ்சினார், அழுதார், இரண்டு நாள் அவளோடு பேசாமலும் இருந்து பார்த்தார். அவள் மனசில் வேறு யாரோ இருப்பதாக உறவுக்காரப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

கடைசியில் இஷ்தியாக் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

"நீங்களும் போய்ட்டு நானும் போய்ட்டா, அம்மீ யார்கூட இருப்பாங்க, பாய்ஜான்?" என்றாள்.

ரங்கூன் பேச்சே பொய் என்று அவளிடம் சொன்னான். அன்றே அம்மாவிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். பிறகு நேரே என்னிடம் வந்தான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்தன ஏச்சும் நின்னிருக்கும். சொல்லலடா."

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்கு வண்டி கட்டினான். ஹயாத் பாஷா முன்னால் நின்று, தங்கைமேல் குற்றமில்லை, தன் விளையாட்டுப் புத்திதான் காரணம் என்றான். அவர் எங்களுக்கு டீ கொடுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் மகனிடம் பேசிவிட்டு வந்தார்.

"உன்ன மாதிரி ஒரு மாப்பிள்ளைன்னா யோசிச்சிருப்பேன். நான் கேட்டது உன் தங்கச்சிய," என்றார்.

பக்ரீதுக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. அதுவரை ரஃபத் அண்ணனுக்குச் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தவர்களில் அவளைப்போல நெஞ்சுரம் உள்ளவர் வேறு யாரும் இல்லை. புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது இஷ்தியாக் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். "அம்மீகிட்ட கேட்டுட்டீங்கல்ல, போதும்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாளாம்.