அழகாகத் தோற்கும் திட்டம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறுகையில் கைபேசியை வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பேசுவார். உயரமெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உலகத்திலேயே அவர் பயப்படுவது ஒன்றுக்குத்தான். அது பெயின்ட்பாலில் நான்காம் டிவிஷன்.

பெயின்ட்பால் ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு துப்பாக்கி, அதற்குள் சாயம் நிரப்பிய உருண்டைகள். உருண்டை மேலே பட்டு உடைந்தால் வெளியே போய்விட வேண்டும். காற்றடைத்த தடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து முன்னேறி, எதிரணியின் கோடியில் இருக்கும் பஸ்ஸரை முதலில் அழுத்துகிற அணிக்கு வெற்றி. போட்டி என்று வந்தால் யாரையும் யாரோடும் மோதவிட மாட்டார்கள். கற்றுக்குட்டிகளுக்கு ஐந்தாம் டிவிஷன். அதற்கு மேல் நான்கு, மூன்று என்று ஏறி, உச்சியில் இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். ஜெயித்தால் மேலே ஏற்றிவிடுவார்கள். ஏறியவர்கள் மறுபடி இறங்கி வந்து கற்றுக்குட்டிகளை வெளுத்து வாங்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த நல்ல ஏற்பாட்டிலும் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

எங்கள் அணியில் ஐந்து பேரும் குடும்பம். கேப்டன் அவர். சலூன் வைத்திருக்கும் கொழுந்தன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான நாத்தனார். நாத்தனார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற அவள் கணவர். ஐந்தாவது நான், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவள். பல வருடங்களாக ஐந்தாம் டிவிஷனில் எங்களைக் கண்டால் எல்லோருக்கும் ஒரு மரியாதை. இறுதியாட்டம் வரை சிங்கம் மாதிரி வருவோம். இறுதியாட்டத்தில் மட்டும் ஏதாவது ஆகிவிடும். கேப்டனின் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் கேப்டனுக்குத் தும்மல் வரும். வீடு திரும்பும்போது வண்டியில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். பாவம் மனுஷன் என்று நானும் அவர் முதுகைத் தடவிக் கொடுப்பேன்.

இந்த வருடம் போட்டியன்று காலையில் கேப்டன்கள் கூட்டம் நடந்தது. எங்கள் கேப்டன் துப்பாக்கி சிலிண்டர்களில் காற்று நிரப்புகிற இடத்தில் பேக்கரி அணியின் கேப்டனோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்ததால், அவருக்குப் பதிலாக நான் போய் நின்றேன். தலைமை நடுவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷத்துல இருந்து ரூல் மாறுது. கப் ஜெயிச்ச டீம் மட்டும் இல்ல, ரெண்டாவதா வந்த டீமும் மேல போகணும். ஏன்னு கேக்காதீங்க. ஏன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும்."

கேப்டன்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் முதல் ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டங்கள். மூச்சுவிட நேரமில்லை.

அரையிறுதியை ஜெயித்தோம். இறுதியில் எதிரணி பேக்கரிக்காரர்கள். அவர் எங்களை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த தடவை தும்மலெல்லாம் செல்லாது, நடுவர் உஷாராயிட்டாரு. எல்லாரும் சேர்ந்து அழகா தோக்கணும். ஜெயிச்சோம்னா நாலாம் டிவிஷன். அங்க போனா நம்மள பிழிஞ்சு காயப்போட்டுடுவானுங்க."

நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். கொழுந்தன் என் பக்கம் பார்க்கவே இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும்தான் புதுசு என்று அப்போது புரிந்தது. உச்சந்தலை வரை கொதித்தது. எத்தனை வருடங்களாக இந்த மனுஷன் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறேன்!

கோபம் ஒருபுறம் இருக்க, இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. நான்காம் டிவிஷன் ஆட்டங்களை நான் வேலி ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். அங்கே நமக்குக் கோப்பை என்பது கனவிலும் கிடையாது. தோற்றாலும் ஜெயித்தாலும் நாளையிலிருந்து நாங்கள் அங்கேதான். அப்படியென்றால் என் ஆயுசில் ஒரு கோப்பையைக் கையில் பிடிக்க இந்த ஒரு ஆட்டம்தான் இருக்கிறது. அதைத்தான் இவர் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறார்.

"என்னங்க, ரூல் மாறிடுச்சு. ரெண்டாவதா வந்தாலும்…"

"ஆட்டத்துக்கு முன்னாடி ரூல் பேசாத. எனக்குத் தெரியாத ரூலா?" என்று முகமூடியை மாட்டிக்கொண்டார். அதோடு காதும் அடைத்துவிட்டது. விசில் ஊதினார்கள்.

அந்த மாதிரி ஓர் ஆட்டத்தை உலகம் பார்த்திருக்காது. கொழுந்தன் தடுப்புக்கு வெளியே ஒரு காலை நீட்டிக்கொண்டு, வெயில் காய்கிறவன் போலப் படுத்திருந்தான். பேக்கரிக்காரர்கள் சுட்ட உருண்டைகள் அந்தக் காலைச் சுற்றி எல்லா இடத்திலும் விழுந்தன, காலைத் தவிர. எங்கள் கேப்டன் வானத்தில் போன காக்கையைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அவர்கள் கேப்டனான பேக்கரி முதலாளி, அந்தப் பெரிய உடம்போடு, ஒரு சின்னத் தடுப்புக்குப் பின்னால் பாதி மறைந்தும் பாதி மறையாமலும் நின்று எங்களுக்குத் தன் வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களும் தோற்கத்தான் வந்திருக்கிறார்கள்! காலையில் கூட்டத்துக்குப் போகாமல் காற்று நிரப்புகிற இடத்தில் நின்ற இன்னொரு புத்திசாலி ஆயிற்றே.

பொதுவாக இந்த ஆட்டத்தில் திருட்டுத்தனம் என்றால், மேலே பட்ட சாயத்தை யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு ஆடுவதுதான். கொழுந்தனோ தரையில் கிடந்த சாயத்தை விரலால் தொட்டுத் தோளில் பூசிக்கொண்டு, "அவுட்!" என்று கையைத் தூக்கினான். நடுவர் வந்து மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார்.

"இது அடிபட்ட சாயம் இல்ல, பூசின சாயம். உள்ள போங்க."

"சார், சத்தியமா வலிக்குது சார்."

"உள்ள போய்யா!"

பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் தவழ்ந்து தவழ்ந்து எங்கள் கேப்டனுக்குப் பக்கத்துத் தடுப்புக்குப் போய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் கட்டை விரலை உயர்த்தி, 'நல்லாத்தான் தோக்கறோம்' என்கிற மாதிரி தலையாட்டினார். அத்தோடு என் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ரெண்டாவதா வந்தாலும் மேலதான் போகணும்! காலைல சொன்னாங்க! தோத்தாலும் நாலாம் டிவிஷன்தான்!"

மைதானமே ஒரு நொடி அசையவில்லை. அந்த நொடியில்தான் என் புத்திசாலித்தனம் எனக்கே தெரிந்தது. எங்கள் ஆட்களுக்குச் சொல்ல நினைத்ததை எதிரணிக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

"ரொம்ப நன்றிம்மா!" என்றார் பேக்கரி முதலாளி. என் நெற்றியிலேயே போட்டார் ஒன்று.

நெற்றியில் மஞ்சள் சாயம் வழிய நான் வெளியே போய் நின்றேன். உள்ளே அடிதடி. சற்றுமுன் படுத்திருந்தவர்கள் எல்லாம் பேய் பிடித்தவர்கள் மாதிரி ஓடினார்கள். கொழுந்தன் உண்மையிலேயே அவுட்டாகி, "சே!" என்று துப்பாக்கியை உதறிக்கொண்டு வந்தான். தலையாட்டி அண்ணன் இரண்டு பேரை வீழ்த்திவிட்டு விழுந்தார். அவருக்குச் சுடத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நாத்தனாரும் போனாள். கடைசியில் மைதானத்தில் இரண்டே பேர். எங்கள் கேப்டன், அவர்கள் கேப்டன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து எதிரெதிர் பஸ்ஸர்களை நோக்கி ஓடினார்கள். நடுவில் ஒருவரையொருவர் கடக்கும்போது இருவரும் சுட்டார்கள். இரண்டும் படவில்லை. என் வீட்டுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "ஓடுங்க! ஓடுங்க!" என்று வேலியைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கை பஸ்ஸருக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் கோடியில் பஸ்ஸர் அலறியது. அந்தப் பெரிய உடம்பு முந்திவிட்டது.

என் கோப்பை போயிற்று. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரைப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன். அவர் பஸ்ஸருக்குப் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றாமல் தேம்பிக்கொண்டிருந்தார். முகமூடிக் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது.

"ஜெயிச்சிருக்கலாம்மா. ஒரு அடி. ஒரே ஒரு அடி."

தோற்பதற்கென்று திட்டம் போட்டு வந்த மனுஷன்! கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோய், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பேக்கரி முதலாளி கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் தேம்புவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தலைவரே, எங்க கடைல இதை வைக்க இடமில்ல. நீங்களே வெச்சுக்கங்களேன்" என்று நீட்டினார்.

அந்தக் கோப்பை என் மூக்குக்கு நேரே பளபளத்தது. என் கை தானாகவே எழுந்துவிட்டது, மறைப்பானேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேணாங்க. அது நீங்க ஓடி ஜெயிச்சது" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அடுத்த வருஷம் நாலாம் டிவிஷன்ல பாக்கலாம்."

எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த ஆசை, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.