ஆற்றுக்கு இந்தப் பக்கம்

ரெய்க்யாவிக்கிலிருந்து கிளம்பும்போதே மழை. "ஆகஸ்டுல மழை பெய்யலன்னாத்தான் அதிசயம்" என்று சிரித்தபடி பிர்கிர் வண்டியை எடுத்தான். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவனாக வெளியே போகலாம் என்று கூப்பிட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஓட்னி ஏன், எதற்கு என்று துருவவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு, வேறொருவர் ஓட்டச் சன்னலோரம் உட்கார்ந்து வருவதே பெரிய சுகம்.

மதியத்துக்குள் மூன்று வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துவிட்டார்கள். அதில் ஒன்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பனைமர உயரத்துக்கு வெந்நீரைப் பீச்சியது. கொட்டுகிற மழையில் எது மேலே போகிறது, எது கீழே வருகிறது என்றே தெரியவில்லை. பிறகு பிர்கிர் தார்ச்சாலையை விட்டுச் சரளைப் பாதையில் திரும்பி, ஓர் ஆற்றுக்குள் வண்டியை இறக்கி அக்கரை ஏற்றினான். தண்ணீர் அரைச் சக்கரம்கூட வரவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஆவி. முட்டை அழுகிய வாடை. செடி வளர்க்கும் ஒரு கண்ணாடிக் குடிலும் தகரக்கூரை போட்ட வீடும் பூட்டிக் கிடந்தன.

"யாரு வீடு?" என்றாள்.

"யாரு வீடா இருந்தா என்ன? அங்க பாரு, வெந்நீர் அதுவா வருது. உறைபனியிலகூட தக்காளி காய்க்குமாம்."

பேசிக்கொண்டே குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்த எல்லையைத் தாண்டினான்.

"பிர்கிர், அங்க போகாத! தரை வெளுத்திருக்கு."

"உனக்கு எல்லாத்துக்கும் பய—"

தரை அப்பளம்போல் நொறுங்கியது. அவனுடைய வலது கால் கணுக்காலுக்கு மேல் கொதிசேற்றில் இறங்கியது. அவன் போட்ட அலறலில் ஓட்னி ஓடிவந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குப்புறப் படுத்து, அவன் சட்டையைப் பற்றி இழுத்தாள். பூட்ஸையும் காலுறையையும் உருவி எறிந்துவிட்டு, தோளில் தாங்கிக்கொண்டுபோய் ஆற்றோரம் உட்காரவைத்துக் காலைத் தண்ணீருக்குள் விட்டாள். தோல் வெந்து தொங்கியது.

கால்மணி நேரம் கழித்து நிமிர்ந்தவள் அப்போதுதான் ஆற்றைக் கவனித்தாள். அது செம்பழுப்பாகப் பொங்கி வந்தது. அவர்கள் கடந்துவந்த துறையையே காணோம்.

மீட்புக்குழுவைப் போனில் அழைத்தாள். "கடக்க முயற்சி பண்ணாதீங்க. பக்கத்துப் பண்ணையில பெரிய டிராக்டர் இருக்கு, கேட்டுப் பாக்குறோம். ரெண்டு மணி நேரமாவது ஆகும்" என்றது ஒரு பெண்குரல்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ரொட்டிப் பெட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி அவன் காலை வைத்தாள். பிர்கிருக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

"வீட்டுக்குள்ள போயிரலாம். சாவி என் பையில இருக்கு."

"இந்த வீட்டுச் சாவி உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

அவன் வண்டிக் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தான். "செப்டம்பர்லேர்ந்து எனக்கு இந்தக் கண்ணாடிக் குடில்லதான் வேலை. வீடும் அவங்களே குடுக்குறாங்க. கையெழுத்துப் போட்டாச்சு. ஃப்ளாட்டையும் காலி பண்றோம்னு சொல்லிட்டேன்."

"பண்றோமா? அந்த 'றோம்'ல நான் எங்க இருக்கேன்?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப. நேர்ல பாத்தா உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

"கேட்டா வேணாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான கேக்கல?"

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். எங்கே போவது? முன்னால் எந்த அடியில் உடையும் என்று தெரியாத தரை. பின்னால் ஆறு. இரண்டு பக்கமும் மேகம் மூடிய மலை. பத்தடி நடந்து நின்றாள். மழை கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. மூச்சை இழுத்தால் கந்தக ஆவிதான் உள்ளே போனது. வேறு வழியில்லாமல் திரும்பி வந்து, அவனோடு அதே வண்டியில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்குள் காலடி வைப்பதில்லை என்று மனசுக்குள் உறுதியாக இருந்தாள். ஆனால் அவன் உதடு நீலம் பாரித்து, உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்ததும் வீம்பு பார்க்க முடியவில்லை. தாங்கிப்பிடித்து உள்ளே கொண்டுபோனாள். அறைகள் கதகதவென்று இருந்தன. அடுப்படி அலமாரியில், ஒரு மாதமாக அவள் வீடெல்லாம் தேடிய நீலக் காபிக் கெட்டில் இருந்தது. பக்கத்திலேயே அவளுடைய குளிர்காலக் கையுறை.

தன்னை ஏற்கெனவே பாதி குடிவைத்துவிட்டான் என்று அவளுக்கு உறைத்தது. அவனுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, கதவருகே நின்றுகொண்டாள். உட்காரவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து டிராக்டர் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்த ஸ்டெய்னா என்ற பண்ணைக்காரி சேற்றுக் காலோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான் புதுசா வரப்போறவங்களா? முதல் நாளே இப்படி ஆயிருச்சே!"

"இவர்தான் வரப்போறவர். நான் பஸ் ஓட்டுறவ. என்னை ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டாப் போதும்" என்றாள் ஓட்னி.

ஸ்டெய்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆத்துக்கு நடுவுல மட்டும் சண்டை போடாதீங்க" என்றாள்.

செல்ஃபோஸ் ஊர் மருத்துவமனையில் கட்டுப் போட்டு முடியும்வரை ஓட்னி கூடவே இருந்தாள். அவன் கையை நீட்டியபோது பிடித்துக்கொள்ளவும் செய்தாள். திங்கட்கிழமை, அவன் சோபாவில் படுத்திருக்க, அவன் காதுபடவே ஃப்ளாட்காரருக்குப் போன் போட்டாள். "காலி பண்ணல. வாடகைச் சீட்டை என் பேர்ல மட்டும் மாத்திக்குடுங்க" என்றாள்.

போனை வைத்ததும் பிர்கிர் மெதுவாகக் கேட்டான். "அப்பப்போ வந்தாவது பாப்பியா?"

"முன்கூட்டியே கேளு. யோசிச்சுச் சொல்றேன்."

சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.