ஒழுகாத வண்டி

இருபத்தாறு வருஷம் உதிரிபாகக் கடையில் நின்றவள் அவள். காரின் எந்த உறுப்புக்கு என்ன நம்பர், அது எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூடத் தன் கையால் மாட்டியது கிடையாது. ஊரிலுள்ள மெக்கானிக்குகளுக்கெல்லாம் அவள் ஸ்டோரக்கா. வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அப்பேர்ப்பட்ட ஸ்டோரக்கா ஒரு சனிக்கிழமை காலை, இறந்துபோன கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு தன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். எல்லாம் எட்டு மாசத்துக்கு முந்தைய ஒரு கறையால் வந்தது.

மகன் புது வீட்டுக்குக் குடிபோனதும் பார்க்கப் போயிருந்தாள். ஒன்றரை மணி நேரப் பயணம். வாசலில் வெளிர்நிறக் கல் பதித்து, செருப்போடு மிதிக்கவே யோசிக்கும்படி வைத்திருந்தார்கள். அங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால், வண்டிக்கடியில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு எண்ணெய். மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோப்புத்தூளும் பிரஷ்ஷும் கொண்டுவந்து, மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. மகன் கார்க் கதவைத் திறந்துவிட்டபடி சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "வண்டியச் சரி பண்ணிட்டு வாம்மா."

அதிலிருந்து எப்போது போன் செய்தாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி சரியாச்சா?"

"பஸ்ல வரட்டுமாப்பா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு பஸ் மாறணும், அப்புறம் நடக்கணும். உன் முட்டிய வச்சுக்கிட்டு எதுக்கும்மா இந்த அவஸ்தை? வண்டி சரியானதும் ஜம்முனு வா."

அக்கறையாகத்தான் சொன்னான். அவளும் அக்கறையாகத்தான் எடுத்துக்கொண்டாள். பேத்திக்கு முன்பல் இரண்டு விழுந்ததை போட்டோவில்தான் பார்த்தாள். அடுத்த மாசம் வந்த போட்டோவில் அந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்த்தது. நடுவில் தான் இல்லாமலே ஒரு பொக்கைவாய் வந்து போய்விட்டதே என்று அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசே சரியில்லை.

குறுக்கே நிற்பது ஒரே ஒரு பேக்கிங். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தகரத் தட்டுக்கு ஆயில் சம்ப் என்று பெயர். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர்தான் பேக்கிங். அது காய்ந்து அப்பளமாகியிருந்தது. இரண்டு ஒர்க் ஷாப்பில் காட்டினாள். "இத்தன வருஷத்து வண்டியப் பிரிச்சா இன்னும் நாலு வேலை வரும், தள்ளிவிட்டுடுங்க" என்று இரண்டு பேரும் கைகழுவிவிட்டார்கள். சரி, நாமே மாட்டினால் என்ன என்று அவளுக்கு வீம்பு வந்துவிட்டது.

கடைக்கு வாடிக்கையாக வந்துகொண்டிருந்த, ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்குக்கு போன் செய்து விவரம் கேட்டாள். அவன் இப்போது வேறு ஊரில் இருந்தான்.

"கழட்டறது சுலபம்க்கா. மாட்டறப்பதான் ரெண்டு கை பத்தாது. ஒருத்தர் சம்பைத் தாங்கிப் புடிக்கணும், ஒருத்தர் போல்ட்டு போடணும். கூட ஆள் இருக்குல்ல?"

"இருக்காங்க" என்றாள்.

எதற்குப் பொய் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. யாருமில்லை என்றால் அவன் ஐயோ பாவம் என்பான். அதைக் கேட்கத்தான் அவளால் முடியாது.

முன்சக்கரங்களை இரண்டு இரும்புச் சாய்மேடைகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, எண்ணெயை ஒரு பழைய பேசினில் வடித்தாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பதினாறு போல்ட்டையும் கழற்றினாள். முட்டியும் தோள்பட்டையும் மாறிமாறி முறையிட்டன. எல்லாப் போல்ட்டும் வந்த பிறகும் சம்ப் மட்டும் அசைவேனா என்றது. மரக்கட்டையை வைத்துத் தட்டத் தட்ட ஒரு மூலை பிளந்துகொண்டு, மிச்சமிருந்த எண்ணெய் அவள் காதுக்குள் இறங்கியது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கேட்க ஆளில்லாததில் இப்படி ஒரு வசதியும் உண்டு.

ஒட்டியிருந்த பழைய ரப்பரைச் சுரண்டி எடுக்கவே மதியமாகிவிட்டது. சாப்பாட்டை மறந்தே போனாள். பிறகுதான் நிஜமான சோதனை. புதுப் பேக்கிங்கை விளிம்பில் பொருத்தி மேலே தூக்கினால், ஒரு கை போல்ட்டைத் தேடும்போது பேக்கிங் நழுவிவிடுகிறது. நழுவியதை நேராக்கினால் சம்ப் சாய்கிறது. மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவை சம்பை நெஞ்சின் மேல் கிடத்திக்கொண்டு அப்படியே படுத்திருந்தாள். அழுகை வந்தது. வேலை கஷ்டம் என்பதால் இல்லை. "கொஞ்சம் இதப் புடி" என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லையே என்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். தடுக்கவும் யாருமில்லை.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தையல்நூலை எடுத்துவந்தாள். பேக்கிங்கை ஓட்டைகள் வழியாக ஆறு இடத்தில் சம்போடு சேர்த்துக் கட்டினாள். ஜாக்கியின் மேல் தலையணையை மடித்து வைத்து, அதன்மேல் சம்பைக் கிடத்தி, மெதுவாக ஏற்றினாள். நூல் கட்டாத ஓட்டைகளில் போல்ட்டுகளைக் கையாலேயே முடுக்கிவிட்டு, நூலை அறுத்து உருவி எடுத்துவிட்டு மிச்சத்தையும் போட்டாள். தலையணை நாசம். அதனாலென்ன, கட்டிலில் இன்னொன்று சும்மாதான் கிடந்தது.

ஸ்பேனரால் முடுக்கும்போதுதான் கை கேட்கவில்லை. பேக்கிங் மட்டம் என்று திருப்பிக் கொண்டுவந்த எத்தனை பேரைக் கடையில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள்! 'அளவுக்கு மேல முடுக்குனா ரப்பர் பிதுங்கத்தான் செய்யும், அப்புறம் ஒழுகாம என்ன செய்யும்?' இப்போது அவள் கையே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று துடித்தது. ஒழுகிவிடுமோ என்ற பயம்தான் முடுக்க வைக்கிறது என்று இப்போது புரிந்தது. அவர்களையெல்லாம் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை புது எண்ணெய் ஊற்றி, தெருவை நாலு சுற்றுச் சுற்றி வந்து, அடியில் செய்தித்தாள் விரித்து அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தாளில் எழுத்தைத் தவிர ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் தனியாகவே சிரித்துவிட்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே மகனுக்கு போன் செய்தாள்.

"வண்டி சரியாச்சுப்பா. நானே மாட்டுனேன். சொட்டுகூட இல்ல. இன்னிக்கு வரட்டுமா?"

அவன் எழுந்து நடப்பது கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"இன்னிக்கா... இன்னிக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்மா."

"அப்ப அடுத்த ஞாயிறு?"

"அடுத்த ஞாயிறா... பாக்கலாம். ஆமா, நல்லாப் பாத்தியாம்மா? சிலது ரெண்டு மூணு நாள் கழிச்சுத் திரும்ப ஒழுக ஆரம்பிக்குமாமே?"

பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாத பிள்ளை அவன். இருபத்தாறு வருஷத்தில் இந்தக் குரலை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். பழுதே இல்லாத சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்து, என்ன பழுது என்று கேட்டால் தடுமாறும் ஆளின் குரல். கறை அன்றைக்கே போய்விட்டது. இத்தனை மாசமாக அவன் பிடித்துக்கொண்டிருந்தது வேறு எதையோ. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. ஒழுகாத வண்டியை வைத்துக்கொண்டு இனி அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் காரணம் தேடுவான்?

"இரு, பாத்துட்டு வரேன்" என்றாள்.

இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. காய்ந்த தாளைப் பார்த்தபடி மனசுக்குள் பத்துவரை எண்ணினாள்.

"ஆமாப்பா. லேசா ஒழுகுது."

"பாத்தியா! நான்தான் சொன்னேன்ல" என்றான். அவன் மூச்சு இளகுவது இங்கே கேட்டது. "பரவால்லம்மா, அவசரமே இல்ல. மெதுவாச் சரி பண்ணிட்டு வா. நீயேவா மாட்டுன? முட்டி வலிக்கலயா? சாப்பிட்டியா?"

அதன்பிறகு அவன் போனை வைக்கவே இல்லை. ஆபீஸ் கதை சொன்னான், பேத்தியின் பள்ளிக்கூடக் கதை சொன்னான், சின்ன வயசில் போலச் சொன்னதையே திரும்பச் சொல்லிச் சிரித்தான். எட்டு மாசத்தில் அவன் அம்மாவோடு இருபது நிமிஷம் பேசியது அன்றைக்குத்தான். அவள் வண்டியில் சாய்ந்து நின்று ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.